டொரண்டோ ராப்டர்ஸ் வாகை சூடிய 2018–19 பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த அணி, எந்த வெற்றி?

வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில், கனடாவைச் சேர்ந்த ஒரே அணியான டொரண்டோ ராப்டர்ஸ் 2018–19 பருவத்தில் கோப்பையை வென்றது. 2019 ஜூன் 13 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் நடந்த இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், முந்தைய இரண்டு ஆண்டுகளும் கோப்பையைத் தக்கவைத்திருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை 114–110 என்று வீழ்த்தி, தொடரை 4–2 என்ற கணக்கில் கைப்பற்றியது. 1995இல் ஆடத் தொடங்கிய ராப்டர்ஸுக்கு அதுவே முதல் கோப்பை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி அந்தக் கோப்பையை வென்றதும் அதுவே முதல் முறை. கனடாவின் தமிழ் ஏடுகளில் ‘ரொறன்ரோ’ என்று படித்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல்: இங்கே டொரண்டோ என்று எழுதப்படுவதும் அதே நகரம்தான்.

என்பிஏ கோப்பையை வெல்ல ஓர் அணி எத்தனை ஆட்டங்களைக் கடக்க வேண்டும்?

முப்பது அணிகள் கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளாக ஆடுகின்றன. ஒவ்வொரு அணிக்கும் வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள் உண்டு. பிரிவுக்கு எட்டு அணிகள் ‘பிளே-ஆஃப்’ எனப்படும் வெளியேற்றுச் சுற்றுகளுக்குச் செல்லும். அங்கே ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். நான்கு சுற்றுகள் என்பதால் கோப்பைக்குப் பதினாறு வெற்றிகள் தேவை. ராப்டர்ஸ் அந்தப் பதினாறு வெற்றிகளைப் பெற 24 ஆட்டங்களை எடுத்துக்கொண்டது.

கனடாவுக்குக் கூடைப்பந்து புதியதா?

புதியது என்று சொன்னால் கனடாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இந்த ஆட்டத்தை வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒன்டாரியோ மாகாணத்தின் ஆல்மான்ட் ஊரில் பிறந்தவர். இன்று என்பிஏ தன் வரலாற்றின் முதல் ஆட்டமாகக் கணக்கிடுவதும், 1946 நவம்பர் 1 அன்று டொரண்டோ ஹஸ்கிஸ் அணிக்கும் நியூயார்க் நிக்ஸ் அணிக்கும் டொரண்டோவில் நடந்த ஆட்டத்தையே. அதில் நியூயார்க் 68–66 என்று வென்றது. ஹஸ்கிஸ் ஒரே பருவத்தோடு மறைந்தது. அரை நூற்றாண்டு கழித்து ராப்டர்ஸும் வான்கூவர் கிரிஸ்லிஸும் ஒன்றாகத் தொடங்கப்பட்டன. 2001இல் கிரிஸ்லிஸ் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பனிவளைகோல் ஆட்டத்தைத் தன் மூச்சாகக் கொண்ட நாட்டில் ராப்டர்ஸ் தனித்து நின்றது அப்படித்தான்.

இந்தப் பருவத்துக்கு முன் ராப்டர்ஸ் எத்தகைய அணியாக இருந்தது?

நன்றாக ஆடும், ஆனால் கடைசியில் கைவிடும் அணி என்று பெயர் வாங்கியிருந்தது. முதல் இருபது ஆண்டுகளில் டிரேசி மெக்ரேடி, வின்ஸ் கார்ட்டர், கிறிஸ் பாஷ் என்று அங்கே வளர்ந்த நட்சத்திரங்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். 2013இல் நைஜீரியாவில் வளர்ந்த மசாய் உஜிரி அணியின் நிர்வாகப் பொறுப்பை ஏற்ற பிறகு, டெமார் டிரோசன், கைல் லோரி என்ற இருவரைச் சுற்றி நிலையான அணி உருவாகியது. ஆயினும் 2016இல் கிழக்குப் பிரிவின் இறுதியில் 4–2 என்றும், 2017இலும் 2018இலும் இரண்டாம் சுற்றில் 4–0, 4–0 என்றும், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணியிடமே தோற்றது. 2017–18 பருவத்தில் 59 ஆட்டங்களை வென்று, தன் வரலாற்றிலேயே மிகச் சிறந்த கணக்கோடு வந்த அணி அப்படித் துடைத்தெறியப்பட்டதுதான், பின்னர் நடந்த அனைத்துக்கும் விதை. அந்தக் கோடையில் ஜேம்ஸ் மேற்குப் பிரிவின் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குச் சென்றுவிட்டதால் கிழக்கின் வாசலும் திறந்தது.

ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றவரையே நீக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் நிகழ்ந்த வரிசை வேறு. டுவேன் கேசி 2018 மே மாதத்தில் நீக்கப்பட்டார். என்பிஏவின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது ஜூன் இறுதியில். விருது வழக்கமான பருவத்தின் ஆட்டத்துக்காக வழங்கப்படுவது, நீக்கம் கிளீவ்லாந்துத் தோல்விக்காக நிகழ்ந்தது என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டவை போலத் தோன்றுகின்றன. கேசி அதற்குள் டெட்ராய்ட் அணியில் வேலை பெற்றிருந்தார்.

டிரோசனைக் கொடுத்துக் காவாய் லெனர்டை வாங்கிய பரிமாற்றம் எப்படி நடந்தது?

2018 ஜூலை 18 அன்று ராப்டர்ஸ், டெமார் டிரோசனையும் ஆஸ்திரியாவைச் சேர்ந்த இளம் மைய ஆட்டக்காரர் (சென்டர்) யாக்கோப் பெல்ட்டிலையும், நிபந்தனைக்கு உட்பட்ட ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்து, காவாய் லெனர்டையும் டேனி கிரீனையும் பெற்றது. டிராஃப்ட் என்பது புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுச் சடங்கு. அதில் ஓர் அணிக்குரிய முறையையே இன்னோர் அணிக்கு விற்கலாம்.

இதில் இருந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் போதும். லெனர்ட் 2014இல் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது பெற்றவர், உலகின் முதல் ஐந்து வீரர்களுள் ஒருவராக எண்ணப்பட்டவர். ஆனால் வலது தொடைத் தசைக் காயத்தால் முந்தைய பருவத்தில் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார். மேலும் 2019 கோடையில் அவர் விரும்பினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு எங்கும் போகலாம். சொந்த மாநிலமான கலிபோர்னியாவுக்குப் போகவே அவர் விரும்புகிறார் என்ற பேச்சு எங்கும் இருந்தது. ஆக உஜிரி வாங்கியது, காயம் ஆறியதா என்று தெரியாத ஒருவரின் ஓராண்டு உழைப்பை. அதற்கு விலையாகக் கொடுத்தது ஒன்பது ஆண்டுகள் அந்த நகரத்துக்காகவே ஆடிய ஒருவரை.

டிரோசனுக்கு இழைக்கப்பட்டது அநீதி அல்லவா?

பலரும் அப்படித்தான் கருதினார்கள், அதில் நியாயமும் உண்டு. 2009இல் ஒன்பதாவது தேர்வாக வந்த டிரோசன், 2016இல் ஒப்பந்தம் முடிந்தபோது வேறு அணிகளைச் சந்தித்துப் பேரம் பேசாமலே டொரண்டோவோடு மீண்டும் கையெழுத்திட்டவர். எல்லோரும் விட்டுவிட்டுப் போன நகரத்தில் இருக்க விரும்பிய நட்சத்திரம் அவர். பரிமாற்றத்துக்குச் சில நாள் முன்பு நடந்த உரையாடலில் தன்னை அனுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு ஏற்பட்டிருந்தது. உஜிரி பிறகு, தம் பேச்சில் தெளிவில்லாமல் போயிருக்கலாம் என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

என் கணிப்பில், முடிவு சரி, சொன்ன விதம் தவறு. டிரோசன் இரண்டு புள்ளி எறிவுகளில் வல்லவர். ஆனால் பிளே-ஆஃப் ஆட்டங்களில் எதிரணி அவரை மடக்கக் கற்றுக்கொண்டிருந்தது, தடுப்பாட்டத்தில் அவரால் ஈடு கொடுக்க முடியவில்லை. அதே இடத்தில் ஆடும் லெனர்ட் அந்த இரண்டு குறைகளுக்கும் விடையாக இருந்தார். 59 ஆட்டங்களை வென்ற அணியைக் கலைப்பதற்குத் தேவைப்பட்ட துணிச்சலை ஒப்புக்கொள்ளும்போதே, அந்தத் துணிச்சலுக்கான விலையைச் செலுத்தியவர் வேறொருவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இருவரும் பழைய ஊர்களுக்குத் திரும்பிய ஆட்டங்கள் அந்தப் பருவத்தின் தனிக்கதைகள். ஜனவரியில் சான் அன்டோனியோவில் லெனர்டை ரசிகர்கள் கூச்சலிட்டு வரவேற்க, ஸ்பர்ஸ் 125–107 என்று வென்றது. பிப்ரவரியில் டிரோசன் டொரண்டோ வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் லெனர்ட் டிரோசனின் கையிலிருந்த பந்தையே தட்டிப் பறித்துக்கொண்டு ஓடி வளையத்தில் இட, ராப்டர்ஸ் 120–117 என்று வென்றது.

புதிய பயிற்சியாளர் நிக் நர்ஸ் யார்?

என்பிஏவில் வீரராக ஆடியிராத அமெரிக்கர். இங்கிலாந்தின் கூடைப்பந்துக் கழகங்களிலும், பிறகு என்பிஏவின் வளர்ப்பு அணிகளிலும் பல ஆண்டுகள் பயிற்சியளித்தவர். வளர்ப்பு அணிகளின் கோப்பையை 2011இல் அயோவாவுடனும் 2013இல் ரியோ கிராண்டே வேலியுடனும் வென்றவர். 2013 முதல் கேசியின் உதவியாளராக இருந்து, 2018 ஜூனில் தலைமைப் பயிற்சியாளரானார். சிறிய அரங்குகளில் எதையும் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கம் இறுதித் தொடரில் எப்படி வெளிப்பட்டது என்பது கீழே வருகிறது.

லெனர்ட் 22 ஆட்டங்களில் ஏன் ஆடவில்லை?

திட்டமிட்ட ஓய்வே பெரும்பாலும் காரணம். அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம் இருந்தால் அவற்றில் ஒன்றில் அவர் உட்கார்ந்துவிடுவார். அலெக்ஸ் மெக்கெக்னி தலைமையிலான மருத்துவக் குழு அந்த அட்டவணையை வகுத்தது. உடலின் சுமையைக் கணக்கிட்டு ஓய்வு தருவதைக் குறிக்கும் ‘லோட் மேனேஜ்மென்ட்’ என்ற சொல் ரசிகர்களின் வாயில் புழங்கத் தொடங்கியது இந்தப் பருவத்தில்தான் என்று சொல்லலாம். நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அது நியாயமான முணுமுணுப்பே. நட்சத்திரங்கள் ஓய்வெடுப்பதைக் கட்டுப்படுத்த 2023இல் என்பிஏ தனி விதியே இயற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. லெனர்ட் ஆடிய 60 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 26.6 புள்ளிகள் எடுத்தார். அவர் ஆடாத 22 ஆட்டங்களில் ராப்டர்ஸ் பதினேழை வென்றது. டிசம்பரில் வாரியர்ஸை அவர்களுடைய அரங்கிலேயே 113–93 என்று வீழ்த்திய ஆட்டத்திலும் லெனர்ட் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த அந்த இரவுகளில்தான் மற்றவர்கள் அவரைச் சாராமல் ஆடக் கற்றார்கள். இந்தப் பருவத்தை ஒருவருடைய வெற்றியாகச் சுருக்குவதை நான் ஏற்காததற்கு முதற்காரணம் அதுவே. பருவத்தின் முடிவில் 58 வெற்றி, 24 தோல்வி. கிழக்கில் மில்வாக்கிக்கு அடுத்த இடம்.

லெனர்டைத் தவிர அணியில் யார் யார் இருந்தார்கள்?

பிளே-ஆஃப்புக்குத் தகுதி பெறாத பதினான்கு அணிகள் குலுக்கல் முறையில் டிராஃப்ட்டின் முதல் பதினான்கு இடங்களைப் பெறும். வருங்கால நட்சத்திரங்கள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படுவார்கள். 2019இல் கோப்பை வென்ற ராப்டர்ஸில் அந்தப் பதினான்குக்குள் தேர்வானவர் ஒருவர்கூட இல்லை. லெனர்ட் பதினைந்தாவது, லோரியும் செர்ஜ் இபாகாவும் இருபத்து நான்காவது, பாஸ்கல் சியாகம் இருபத்து ஏழாவது, டேனி கிரீனும் நார்மன் பவலும் நாற்பத்து ஆறாவது, மார்க் கசோல் நாற்பத்து எட்டாவது. ஃபிரெட் வான்விலீட்டை 2016இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

இவர்களில் சியாகமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கேமரூனில் பிறந்து குருத்துவக் கல்விக்கூடத்தில் படித்த அவர், கூடைப்பந்தைப் பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான் ஊன்றி ஆடத் தொடங்கினார். 2012இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த என்பிஏ பயிற்சி முகாம் அவருக்கு வழி திறந்தது. முந்தைய பருவத்தில் மாற்று வீரராக ஆட்டத்துக்கு ஏழு புள்ளிகள் அளவில் எடுத்தவர், இந்தப் பருவத்தில் 16.9 புள்ளிகளுக்கு உயர்ந்து, மிகுந்த முன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதைப் பெற்றார். லோரியோ ஆறடி உயரமே உள்ளவர். புள்ளிப் பட்டியலில் அவருடைய பங்கு முழுமையாகத் தெரியாது. பாய்ந்து வரும் எதிரிகளின் பாதையில் அசையாமல் நின்று மோதலை வாங்கிக்கொண்டு பந்தைத் தம் அணிக்குப் பெற்றுத் தருவது அவருடைய தனிக்கலை. நெருங்கிய நண்பரான டிரோசன் அனுப்பப்பட்ட வருத்தத்தோடேயே அவர் அந்தப் பருவத்தைத் தொடங்கினார் என்பதையும் மறக்கக் கூடாது.

பிப்ரவரியில் மார்க் கசோலை ஏன் வாங்கினார்கள்?

பிலடெல்பியா அணியின் ஜோயல் எம்பீட் போன்ற பேருருவங்களைத் தடுப்பதற்காக. யோனஸ் வாலஞ்சியூனஸ், டெலான் ரைட், சி. ஜே. மைல்ஸ் ஆகியோரோடு ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் மெம்பிஸுக்குக் கொடுத்து, ஸ்பெயினின் கசோலை 2019 பிப்ரவரி 7 அன்று பெற்றார்கள். அவருக்கு அப்போதுதான் 34 வயது நிறைந்திருந்தது. ஓட்டம் குறைந்துவிட்டது; ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்தவருக்கு அதிகம் ஓட வேண்டியதில்லை.

முதல் சுற்றில் ஆர்லாண்டோவிடம் தடுமாறியது ஏன்?

முதல் ஆட்டத்தில் 104–101 என்று சொந்த அரங்கில் தோற்றார்கள். லோரி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பழைய கதை திரும்புகிறது என்று நகரம் தலையில் கைவைத்தது. அடுத்த நான்கையும் வென்றதும் அது மறந்துபோயிற்று.

வளையத்தில் நான்கு முறை துள்ளிய அந்தப் பந்து பற்றிச் சொல்லுங்கள்.

இரண்டாம் சுற்றில் பிலடெல்பியா செவன்டிசிக்ஸர்ஸ் அணியோடு ஆறு ஆட்டங்களில் மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டபின், ஏழாவது ஆட்டம் 2019 மே 12 அன்று டொரண்டோவின் ஸ்கோஷியாபேங்க் அரங்கில் நடந்தது. இரு தரப்பும் களைத்திருந்ததால் புள்ளிகள் சொட்டுச் சொட்டாகவே விழுந்தன. பத்து விநாடிகள் இருந்தபோது லெனர்டுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) ஒன்று தவறியது. உடனே ஜிம்மி பட்லர் மறுபக்கம் பாய்ந்து பந்தை இட்டுக் கணக்கை 90–90 என்று சமன் செய்தார். மிச்சமிருந்தது 4.2 விநாடி.

கசோல் உள்ளே கொடுத்த பந்தை வாங்கிய லெனர்ட், வலப்புற மூலையை நோக்கி ஓடினார். ஏழடி உயர எம்பீட் கையை நீட்டியபடி கூடவே வந்தார். எல்லைக்கோட்டின் விளிம்பில், எம்பீடின் விரல்களுக்கு மேலாகப் பந்து வழக்கத்தைவிட உயரமாக எழும்பியது. நேரம் முடிந்த ஒலி எழுந்தபோது பந்து இன்னும் காற்றில் இருந்தது. வளையத்தின் விளிம்பில் விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, அப்படி நான்கு முறை துள்ளி, பிறகு உள்ளே இறங்கியது. 92–90. ஏழாவது ஆட்டம் ஒன்று நேரம் முடியும் கணத்தில் எறியப்பட்ட பந்தால் முடிவானது என்பிஏ வரலாற்றில் அதுவே முதல் முறை. எம்பீட் அழுதுகொண்டே அரங்கை விட்டுப் போனார்.

அன்று லெனர்ட் எடுத்த 41 புள்ளிகளுக்கு 39 எறிவுகள் தேவைப்பட்டன. அழகான ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. பலர் கவனிக்காத ஒரு கணக்கும் உண்டு. எம்பீட் களத்தில் இருந்த 45 நிமிடங்களில் பிலடெல்பியா பத்துப் புள்ளிகள் முன்னிலை பெற்றது. அவர் இளைப்பாற உட்கார்ந்த ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் பன்னிரண்டு புள்ளிகளை இழந்தது. ஆட்டத்தைத் தீர்மானித்தது அந்தத் துள்ளல் மட்டும்தானா என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்க்கலாம். டொரண்டோவின் மூத்த ரசிகர்களுக்கோ வேறொரு நினைவு வந்தது: 2001இல் இதே பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், வின்ஸ் கார்ட்டர் கடைசியாக எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போய், ராப்டர்ஸ் 88–87 என்று தோற்றிருந்தது.

மில்வாக்கிக்கு எதிராக 0–2 என்ற நிலையிலிருந்து எப்படி மீண்டார்கள்?

நர்ஸ் செய்த ஒரு மாற்றம் தொடரைத் திருப்பியது. மூன்றாவது ஆட்டத்திலிருந்து, அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரரான யானிஸ் அண்டெட்டோகும்போவைத் தடுக்கும் பொறுப்பு லெனர்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரைத் தாண்டி யானிஸ் உள்ளே வந்தால் கசோலும் மற்றவர்களும் சுவர்போலக் கூடினார்கள். அந்த ஆட்டம் இரண்டு கூடுதல் நேரங்கள் வரை நீண்டு 118–112 என்று டொரண்டோவுக்குக் கிடைத்தது. லெனர்ட் 52 நிமிடங்கள் ஆடினார், காலை இழுத்துக்கொண்டே.

மற்றொரு காரணம் வான்விலீட். பிலடெல்பியா தொடர் முழுக்கக் குறிதவறிக்கொண்டிருந்தவர், இந்தத் தொடரின் நடுவே மகன் பிறந்த செய்தியோடு ஊருக்குப் போய்வந்தார். வந்ததிலிருந்து எறிந்ததெல்லாம் விழுந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் மட்டும், தொலைவிலிருந்து இடும் மூன்று புள்ளி எறிவுகள் ஏழு. ஆறாவது ஆட்டத்தில் பதினைந்து புள்ளிகள் பின்தங்கியிருந்த ராப்டர்ஸ், அடுத்தடுத்து 26 புள்ளிகள் எடுத்து எதிரணிக்கு மூன்றை மட்டுமே விட்டுக்கொடுத்து, 100–94 என்று வென்று முதன்முறையாக இறுதித் தொடருக்குள் நுழைந்தது.

இறுதித் தொடரின் திருப்பங்கள் எவை?

முதல் ஆட்டம் அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் என்பிஏ இறுதி ஆட்டம். அதில் சியாகம் எறிந்த 17இல் 14 விழுந்தன, 118–109. இரண்டாவதில் வாரியர்ஸ் மூன்றாம் கால் பகுதியைத் தொடர்ந்து 18 புள்ளிகளோடு தொடங்கி 109–104 என்று வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தின் முடிவில் நர்ஸ் செய்ததுதான் நினைவில் நிற்கிறது. நால்வரைச் சதுரமாக நிறுத்தி, ஐந்தாமவரான வான்விலீட்டை வாரியர்ஸின் ஸ்டெஃப் கரியின் நிழலாக ஒட்டவிட்டார். பள்ளிச் சிறுவர்களின் ஆட்டத்தில் காணப்படும் உத்தி அது. இறுதித் தொடரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. தோற்ற ஆட்டமானாலும் கரியின் கை அந்த நிமிடங்களில் கட்டப்பட்டது.

ஓக்லாந்தில் மூன்றாவது ஆட்டத்தில் கரி 47 புள்ளிகள் எடுத்தும் டொரண்டோ 123–109 என்று வென்றது. நான்காவதில் லெனர்டின் 36 புள்ளிகளோடு 105–92. இப்போது 3–1.

ஐந்தாவது ஆட்டம் டொரண்டோவில். மூன்று நிமிடம் சொச்சம் இருந்தபோது ஆறு புள்ளிகள் முன்னிலை, லெனர்ட் தடுக்க முடியாத வேகத்தில் இருந்தார். அப்போது நர்ஸ் இடைவேளை (டைம்-அவுட்) கேட்டார். மூன்று நிமிடக் குறியைத் தாண்டினால் பயன்படுத்தாத இடைவேளைகள் வீணாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. வேகம் தடைப்பட்டது, வாரியர்ஸின் கிளே தாம்சனும் கரியும் சேர்ந்து மூன்று முறை மூன்று புள்ளி எறிவுகளை அடுத்தடுத்து இட்டார்கள், லோரியின் கடைசி எறிவை டிரேமண்ட் கிரீன் விரல் நுனியால் தொட்டுக் கெடுக்க, 106–105 என்று ஆட்டம் கைநழுவியது. அந்த இடைவேளையை நான் இன்றும் தவறென்றே கருதுகிறேன். விதி அவர் பக்கம் இருந்தது, ஆட்டம் அவர் பக்கம் இல்லை.

ஆறாவது ஆட்டத்தை லோரி தொடங்கிவைத்தார்: முதல் எட்டுப் புள்ளிகளும் அவருடையவை. அவரும் சியாகமும் 26 புள்ளிகள் வீதம் எடுத்தார்கள். வான்விலீட் தம் 22 புள்ளிகளில் பன்னிரண்டைக் கடைசிக் கால் பகுதியில் எடுத்தார். 111–110 என்று ஒரே புள்ளி இடைவெளியில், சில விநாடிகளே இருக்க, கரியின் மூன்று புள்ளி எறிவு தவறியது. உருண்ட பந்தைப் பிடித்த வாரியர்ஸ் தரப்பினர் தங்களிடம் இல்லாத இடைவேளையைக் கேட்டுவிட்டதால் தண்டனையாக டொரண்டோவுக்கு ஃப்ரீ த்ரோவும் பந்தும் கிடைத்தன. லெனர்ட் மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் இட்டார். ஓக்லாந்தின் ஓரக்கிள் அரங்கில் வாரியர்ஸ் ஆடிய கடைசி ஆட்டம் அது.

வாரியர்ஸ் வீரர்கள் காயமடையாமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா?

இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது நேர்மையாகாது. கெவின் டுரான்ட் கெண்டைக்கால் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் ஆடவில்லை. ஐந்தாவதில் பன்னிரண்டு நிமிடங்கள் ஆடி, குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். தாம்சன் மூன்றாவது ஆட்டத்தில் இல்லை. ஆறாவதில் 30 புள்ளிகள் எடுத்திருந்த நிலையில் முழங்கால் தசைநார் கிழிந்தது. இருவரும் முழு உடல்நலத்தோடு இருந்திருந்தால் வாரியர்ஸையே நான் வலுவான அணியாகக் கருதியிருப்பேன்.

ஆயினும் சிலவற்றை எதிர்த்தட்டில் வைக்க வேண்டும். டுரான்ட் 51 புள்ளிகள் எடுத்த நவம்பர் ஆட்டத்திலும் டொரண்டோவே கூடுதல் நேரத்தில் 131–128 என்று வென்றிருந்தது. டொரண்டோவின் ஓஜி அனுனோபி குடல்வால் அறுவைச் சிகிச்சையால் பிளே-ஆஃப் முழுவதும் ஆடவில்லை. இறுதித் தொடரில் ஓக்லாந்தில் நடந்த மூன்று ஆட்டங்களையும் ராப்டர்ஸே வென்றது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இறுதிக்கு வந்த அணியின் கால்கள் ஒருநாள் தளரத்தான் செய்யும். அன்று எதிரே நின்றது, ஆளைக் கணக்குப் பார்த்து ஓய்வு கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்த அணி.

இறுதித் தொடரின் சிறந்த வீரர் யார்?

லெனர்ட், ஆட்டத்துக்கு 28.5 புள்ளிகளோடு. பிளே-ஆஃப்பின் 24 ஆட்டங்களையும் ஆடி 732 புள்ளிகள் குவித்தார். ஒரே ஒரு வாக்கு வான்விலீட்டுக்கு விழுந்தது.

வெற்றிக்குப் பிறகு உஜிரிக்கும் காவலருக்கும் இடையே நடந்தது என்ன?

ஆட்டம் முடிந்து களத்துக்குள் தம் வீரர்களை நோக்கிச் சென்ற உஜிரியை, அரங்கில் பணியிலிருந்த காவலர் ஒருவர் தடுத்தார். உஜிரிதான் தாக்கியதாக முதலில் கூறப்பட்டு, வழக்கும் தொடுக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் வெளியான காணொளியில் காவலரே முதலில் அவரைத் தள்ளியது தெரிந்தது. 2021இல் இரு தரப்பு வழக்குகளும் கைவிடப்பட்டன. அணியைக் கட்டியவருக்கே தம் கொண்டாட்டத்துக்குள் நுழைய முடியாமற்போன அந்த நிமிடத்தை, கறுப்பினத்தவர் அனுபவத்தின் ஒரு பகுதியாகவே அவர் பின்னர் பேசினார்.

நகரம் எப்படிக் கொண்டாடியது?

அரங்குக்கு வெளியே உள்ள சதுக்கத்தில் பெருந்திரை வைத்து, அதற்கு ‘ஜுராசிக் பார்க்’ என்று பெயரிட்டிருந்தார்கள். மழையிலும் இரவெல்லாம் வரிசையில் நின்றவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். கறுப்பினத்தவர், சீனர், பஞ்சாபியர், பிலிப்பினோக்கள் ஆகியோரோடு, ஸ்கார்பரோவைத் தம் ஊராக்கிக்கொண்ட ஈழத்தமிழரும் அந்த நகரத்தின் மக்கள்தானே. பனிவளைகோல் ஆட்டத்துக்கு வேண்டிய கருவிகளுக்கே பெருந்தொகை ஆகும்; கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் பூங்காவில் ஒரு வளையமும் போதும். 1995 முதல் சொந்த அரங்கின் ஆட்டங்களைத் தவறவிடாமல் பார்த்துவந்த சீக்கிய வணிகர் நவ் பாட்டியாவுக்கு, வீரர்களுக்கு வழங்கியதைப் போன்ற வெற்றி மோதிரத்தை அணி வழங்கியது.

கறைகளும் உண்டு. டுரான்ட் விழுந்தபோது அரங்கில் சிலர் ஆரவாரம் செய்ய, ராப்டர்ஸ் வீரர்களே கையமர்த்தி அடக்க வேண்டியிருந்தது. ஜூன் 17 அன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிடப்பட்ட ஊர்வலத்தின் முடிவில், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் காயமடைந்தனர்.

லெனர்ட் அடுத்த ஆண்டும் ஆடினாரா?

இல்லை. மூன்றே வாரங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸைத் தேர்ந்தெடுத்தார்; டேனி கிரீனும் போனார். நகரத்தில் பெரிய கோபம் எழவில்லை. அவர் இல்லாமல் 2019–20இல் ராப்டர்ஸ் 53 வென்று 19 தோற்றது. விழுக்காட்டில் அது கோப்பைப் பருவத்தை விட மேல். நர்ஸுக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. இரண்டாம் சுற்றில் பாஸ்டனிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றார்கள். அதற்கடுத்த பருவத்தில் பெருந்தொற்றுக்கால எல்லைக் கட்டுப்பாடுகளால் புளோரிடாவின் டாம்பாவைத் தங்கள் சொந்த ஊராகக் கொண்டு ஆட வேண்டியதாயிற்று. 2021இல் லோரி மயாமிக்குச் சென்றார்.

அந்தப் பரிமாற்றத்தில் சான் அன்டோனியோவுக்கு மிஞ்சியது என்ன?

டிரோசன் அங்கே மூன்று பருவங்கள் ஆடிவிட்டுச் சிகாகோவுக்குப் போனார். டிராஃப்ட் உரிமை, ராப்டர்ஸ் நன்றாக ஆடியதால் 29ஆவது இடமாகச் சரிந்தது. அதில் அவர்கள் கெல்டன் ஜான்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். பெல்ட்டிலை 2023 பிப்ரவரியில் டொரண்டோவே திரும்ப வாங்கிக்கொண்டது. அவர் பெட்டியோடு வந்து இறங்கியபோது, கோப்பையை வென்ற அணியில் களத்தின் முன்வரிசையில் நின்றவர்களில் சியாகம், வான்விலீட் இருவர் மட்டுமே அங்கே மிச்சமிருந்தார்கள். அடுத்த ஓராண்டுக்குள் அவர்களும் போய்விட்டார்கள்.